அம்மாவின் ஈசிஜியில் ‘பிளாக்’: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. மாரடைப்பு வந்த பிறகு மெட்டோபுரோலால் 50 மி.கி. சாப்பிடுகிறார். இலவச முகாமில் எடுத்த ஈசிஜியில் நாடித்துடிப்பு 54, ‘ஃபர்ஸ்ட் டிகிரி ஏவி பிளாக்’ என்று வந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஞ்சியோ எடுக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இதயத்தின் மேலறையில் சைனஸ் கணுவில் பிறக்கும் மின்துடிப்பு, கீழறைக்குப் போகும் வழியில் ஏவி கணுவில் கொஞ்சம் தாமதித்துத்தான் இறங்கும். அட்ரினலின் இந்த இரண்டு கணுக்களையும் விரட்டிக்கொண்டே இருக்கும். மெட்டோபுரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் அந்த விரட்டலைத் தடுக்கின்றன. அதனால் துடிப்பு குறைகிறது, ஏவி கணுவில் தாமதமும் நீள்கிறது. மேலறையிலிருந்து கீழறைக்கு 200 மில்லி செகண்டுக்கு மேல் ஆனால் ஈசிஜி மெஷினே ‘ஃபர்ஸ்ட் டிகிரி ஏவி பிளாக்’ என்று அச்சடித்துவிடும். தாமதம்தான்; எல்லாத் துடிப்பும் கீழே போய்ச் சேர்கிறது. இந்த ‘பிளாக்’ ரத்தக்குழாய் அடைப்பு அல்ல. இந்த ஒரு வரியை வைத்து ஆஞ்சியோ பேக்கேஜ் பேசுகிறவர் வைத்தியம் பார்க்கவில்லை, ஆள் பிடிக்கிறார். முகாம் என்ற பெயரில் இது எத்தனை வருடமாக நடக்கிறது, கேட்க நாதியில்லை.

திடீரென நிறுத்தினால், இத்தனை நாள் அடங்கியிருந்த அட்ரினலின் ஒரேயடியாகப் பாயும். நெஞ்சுவலி திரும்பலாம், இன்னொரு மாரடைப்பே வரலாம். குறைப்பதென்றாலும் மருத்துவர் சொல்லி, ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகத்தான்.

தலைசுற்றல், மயக்கம், மூச்சுத்திணறல் இல்லையென்றால் இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு 54 பெரிய விஷயமில்லை. 50-க்குக் கீழே போனால் மருத்துவரைப் பாருங்கள். மயங்கி விழுந்தாலோ, ஈசிஜியில் ‘செகண்ட்’, ‘தேர்ட்’ டிகிரி என்று இருந்தாலோ அன்றே மருத்துவமனை.

அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாரா? சிரிக்காதீர்கள். கண் நீர் அழுத்தத்துக்குத் தரும் டிமோலாலும் ஒரு பீட்டா பிளாக்கர்தான். கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கி, கல்லீரலைத் தொடாமல் நேராக ரத்தத்தில் கலந்துவிடும். மாத்திரையும் சொட்டும் சேர்ந்தால் துடிப்பு இன்னும் இறங்கும். கண் மருத்துவர் இதயச் சீட்டைப் பார்ப்பதில்லை, இதய மருத்துவர்களான நாங்கள் கண் சீட்டைக் கேட்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் இங்கே பெரும்பாலும் இல்லை. சொட்டையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டு மருத்துவருக்கும் சொல்லுங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையில் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் உடம்புக்குள் போவது குறையும்.

மருந்துப் பட்டையில் டில்டியாசெம் அல்லது வெராபமில் (நெஞ்சுவலிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரும் வேறு வகை மாத்திரைகள்) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அவையும் ஏவி கணுவைத்தான் அடக்கும். இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

மாரடைப்பின்போது எடுத்த பழைய ஈசிஜி, எல்லா மாத்திரைகள், கண் சொட்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, வழக்கமாகப் பார்க்கும் இதய மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். முகாம்காரர் போன் செய்தால் எடுக்க வேண்டாம்.