கென்னட் லேன் பன்சலை – கடிதம்

ஐயா,

கோத்தகிரி பக்கம், இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தமிழர்கள் வாழும் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் பிறந்தவள் நான். சென்ற மாதம் எழும்பூரில் ரயிலுக்கு நேரம் இருந்ததால் எதிரே கென்னட் லேனில் உள்ள புத்த விகாரைக்கு, சிங்களத்தில் பன்சலை என்பார்களே, அங்கே போனேன். இலங்கையிலிருந்து வந்தவர்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டி ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். விளக்கேற்றிக் கும்பிட்டேன். "நம்மை விரட்டினவன் சாமியை ஏன் கும்பிட்டாய்?" என்கிறார் அப்பா. தப்பா?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தப்பே இல்லை. அப்பாவின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. 1948இல் இலங்கையில் ஒரு சட்டம் போட்டு நம் ஆட்களை நாடற்றவர்களாக்கினார்கள். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. காவி உடுத்திய புத்த பிக்குகள் சிலரும் அந்த வெறுப்புக்குத் துணை போனார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே நம் பாட்டிமார் வெசாக் கூடு (புத்தர் திருநாளுக்குக் கட்டும் காகித விளக்கு) பார்க்கப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிப் போனவர்கள். எல்லா மதத்தாரும் யாத்திரை போகும் சிவனொளிபாதமலையில் சிங்களவர்களோடு ஒரே படியில் ஏறியவர்கள். அந்தப் பழக்கம்தான் உங்களை உள்ளே இழுத்துப் போயிருக்கிறது.

அப்புறம், அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். அயோத்திதாசப் பண்டிதர் இளமையைக் கழித்தது நம் நீலகிரியில். இங்கேதான் அத்வைதானந்த சபையை நடத்தினார். 1898இல் கொழும்பு போய்ப் பஞ்சசீலம் என்ற ஐந்து பௌத்த ஒழுக்கங்களை ஏற்றுத் திரும்பி, சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். புத்தர் நம் முன்னோரின் ஆசான், அவரை நாம் மறந்துபோனோம் என்பதே அவர் கடைசிவரை எழுதியது. இந்த மலையில் வளர்ந்த ஒரு தமிழர் தன்னுடையது என்று உரிமை கொண்டாடிய புத்தரை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

அதே விகாரையில் ஒரு வயதான அம்மாளை நானும் பார்த்திருக்கிறேன். வெள்ளைச் சேலை. ஈழத்தலரிப் பூக்களைத் தட்டில் அடுக்கி, மேலே தண்ணீர் தெளித்து, காம்பு தெரியாமல் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். படைக்கும் பூவை முகர்ந்து பார்ப்பதில்லை. 'இந்தப் பூ வாடுவதுபோல என் உடம்பும் அழியும்' என்று பௌத்த நூல்களின் மொழியான பாலியில் சொல்லி வைப்பார்கள். தட்டை நீட்டியபோது எனக்கும் ஒரு பூ கொடுத்தார். மொழி தெரியாது, வாங்கிக்கொண்டேன்.

அடுத்த முறை அப்பாவையும் கூட்டிப் போங்கள். கும்பிடச் சொல்ல வேண்டாம். ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சும்மா உட்காருங்கள். சிங்களம் காதில் விழுந்தால் அவரே ஏதாவது சொல்ல ஆரம்பிப்பார். சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.