கிடசாட்டோ ஷிபாசாபுரோ: கேள்வி பதில்

கேள்வி: சார், ஜப்பானின் புது ஆயிரம் யென் நோட்டில் இருக்கும் மீசைக்காரர் யார்?

பதில்: டெட்டனஸ் கிருமியை முதலில் தனியாகப் பிரித்தெடுத்த கிருமி ஆய்வாளர் கிடசாட்டோ ஷிபாசாபுரோ. கியூஷு தீவில் ஓகுனி என்ற மலைக்கிராமத்தில் 1853இல் பிறந்தவர். நோட்டு வந்தது 2024 ஜூலையில். இதற்கு முன் அதில் இருந்த நொகுச்சி ஹிதேயோவும் இளம் வயதில் இவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்தான்.

கேள்வி: டெட்டனஸ் கிருமியைப் பிரித்தெடுத்ததில் அப்படி என்ன கஷ்டம்?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி! காயத்துச் சீழை எடுத்து வளர்த்தால் டெட்டனஸ் கிருமியோடு வேறு கிருமிகளும் கூட்டமாக வளரும். துணை இல்லாமல் அது வளரவே வளராது என்று பெரிய ஆட்களே நம்பினார்கள். பெர்லினில் கிருமி ஆய்வின் முன்னோடி ராபர்ட் கோஹ்கிடம் இருந்த கிடசாட்டோ, அந்தக் கலவையை 80 டிகிரி சூட்டில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் வைத்தார். மற்றவை செத்தன, டெட்டனஸின் வித்துகள் மட்டும் தாங்கின. அதற்குக் காற்று ஆகாது என்பதால் ஹைட்ரஜன் நிரப்பிய குடுவையில் வளர்த்தார். 1889இல் தனிக் கிருமி கைக்கு வந்துவிட்டது.

கேள்வி: அப்புறம் ஏன் நோபல் பரிசு பேரிங்குக்கு மட்டும்?

பதில்: எமில் வான் பேரிங், கோஹ்கின் ஆய்வுக்கூடத்தில் இவரோடு வேலை பார்த்த ஜெர்மானியர். 1890 டிசம்பரில் வந்த கட்டுரையில் இருவர் பெயரும் உண்டு. நோய் எதிர்ப்பு பெற்ற முயலின் ரத்தத்தை எலிக்குச் செலுத்தினால் எலியும் டெட்டனஸிலிருந்து தப்பும் என்று காட்டினார்கள். அடுத்த வாரமே டிப்தீரியா பற்றி பேரிங் தனியாக எழுதினார். 1901 பரிசுக் குறிப்பு டிப்தீரியாவைத்தான் குறிப்பாகச் சொல்கிறது. ஆனால் கூட்டுக் கட்டுரையில் விவரமாக இருப்பதெல்லாம் டெட்டனஸ் சோதனைகள். என்னைக் கேட்டால் பாதிப் பரிசாவது கொடுத்திருக்கலாம்.

கேள்வி: அண்ணா, அடிபட்டதும் போடும் டிடி ஊசி இவர் கண்டுபிடித்ததா?

பதில்: இல்லை தம்பி. அது உடம்பையே எதிர்ப்புப் பொருள் தயாரிக்க வைக்கும் தடுப்பூசி, 1920களில் வந்தது. இவருடையது வேறொரு உடம்பில் தயாரான எதிர்ப்பை அப்படியே ஏற்றும் வழி. தடுப்பூசி சரியாகப் போடாதவருக்கு அழுக்கான பெரிய காயம் என்றால் இம்யூனோகுளோபுலினும் போடுவார்களே, அது இவர் வழியில் வந்தது.

கேள்வி: பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தது இவரா, யெர்சினா?

பதில்: 1894 ஜூனில், பிளேக் பரவிய ஹாங்காங்கில், இவரும் பிரான்ஸ் தரப்பில் வந்த ஆய்வாளர் அலெக்சாண்டர் யெர்சினும் சில நாள் இடைவெளியில் பார்த்தார்கள். கிடசாட்டோ முந்திக்கொண்டார், ஆனால் அவர் தந்த வர்ணனையில் குழப்பம் இருந்தது. வேறு கிருமி கலந்திருக்கலாம். நெறிக்கட்டியிலிருந்து எடுத்துத் தெளிவாக எழுதியவர் யெர்சின். கிருமிக்கு அவர் பெயர் வைத்தது நியாயம்தான்.

கேள்வி: டோக்கியோ பல்கலைக்கழகத்தோடு ஏன் பகை?

பதில்: பெரிபெரிக்குக் காரணமான கிருமி கிடைத்துவிட்டது என்று அங்கிருந்த ஒகாட்டா மசனோரி சொன்னார். ஒரு காலத்தில் தனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்றும் பாராமல் கிடசாட்டோ அதை மறுத்து எழுதினார். மறுத்தது சரிதான், அது வைட்டமின் குறைவால் வரும் நோய். ஆனால் நன்றி கெட்டவர் என்ற பேர் வந்துவிட்டது. 1892இல் ஊர் திரும்பியபோது கல்வியாளர் ஃபுகுசாவா யுகிச்சி கைகொடுத்துத் தொற்றுநோய் ஆய்வகம் அமைத்தார். 1914இல் அரசு அதை அவரைக் கேட்காமலே கல்வி அமைச்சகத்துக்கு மாற்றிப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கப் போக, ராஜினாமா செய்தார். கூட இருந்தவர்களும் வெளியேறினார்கள். வயிற்றுக்கடுப்புக் கிருமியைக் கண்டுபிடித்த ஷிகா கியோஷியும் அதில் ஒருவர். அதே ஆண்டு தன் பெயரிலேயே புது நிறுவனம் தொடங்கிவிட்டார்.