க்ரூகர்ல யானை ரோட்டை மறிச்சா
சின்ன வாடகை கார்ல தென்னாப்பிரிக்காவுல இருக்குற க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போறோம், யானை வழி மறிச்சா என்ன பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. தைரியமா போங்க. தூரத்துல பார்த்ததுமே நிறுத்திடுங்க, இன்ஜின் ஓடட்டும், ஹாரன் வேண்டவே வேண்டாம், நம்மள நோக்கி நடந்து வந்தா மெதுவா ரிவர்ஸ் எடுத்து வழி விட்டுடுங்க. தனியா வர்ற ஆண் யானைக்கு கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல ஈரமா கோடு வழிஞ்சு, பின்னங்கால் உள்பக்கம் சிறுநீர் சொட்டி நனைஞ்சிருந்தா அது மதம், கிட்டவே போகாதீங்க. குட்டியோட கூட்டம் கடக்கும்போது பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் நின்னா நடுவுல காரை நுழைக்காம காத்திருங்க ப்ளீஸ். தார் ரோட்ல 50, மண் ரோட்ல 40 தான் வேகம், அதனால கேட் மூடுறதுக்கு நல்லா முன்னாடியே கிளம்பிடுங்க, லேட்டாகுற பதட்டத்துலதான் யானையை ஒட்டி ஓட்டத் தோணும்.