கழிவில் எவ்வளவு மீத்தேன் இருக்கிறது? – கேள்வி பதில்

ராசிபுரம் சேகோ ஆலைக்காரர்: ஒரு டன் திப்பிக்கு (மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை) இத்தனை கன மீட்டர் கேஸ் நிச்சயம் என்கிறார் பயோகேஸ் கலன் போட வந்தவர். நம்பலாமுங்களா?

ஈரத் திப்பியா, காய்ந்த திப்பியா என்று முதலில் கேளுங்கண்ணா. ஈரத் திப்பியில் பெரும்பங்கு தண்ணீர். அதிலிருந்து மீத்தேன் வராது. கொஞ்சம் எடுத்து 105 டிகிரியில் காயவைத்து எடை போடுங்கள். அதையே 550 டிகிரியில் எரித்துச் சாம்பலை எடை போடுங்கள். காய்ந்த எடையில் சாம்பல் போக, எரிந்துபோன எடைதான் கணக்குக்கு உரியது. இன்னொன்று, அவர் சொல்லும் 'கேஸ்' முழுவதும் மீத்தேன் கிடையாது, கார்பன் டை ஆக்சைடும் கணிசமாக இருக்கும். எதைச் சொல்கிறார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெருந்துறை மாணவி: ஆய்வகத்தில் எப்படி அளப்பது?

நன்றாக ஓடும் கலனிலிருந்து ஸ்லரி (நுண்ணுயிர்கள் நிறைந்த, செரித்த குழம்பு) எடுத்து, புதிதாக எதுவும் சேர்க்காமல் சில நாள் பட்டினி போடம்மா. எரியும் பொருள் (மேலே சொன்ன, 550 டிகிரியில் எரிந்துபோகும் எடை) கணக்கில் ஸ்லரி இரண்டு பங்கு, கழிவு ஒரு பங்கு. பாட்டிலில் காற்றை நைட்ரஜனால் விரட்டி, 37 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் வை. வரும் வாயுவைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் விட்டால் கார்பன் டை ஆக்சைடு அங்கேயே தங்கிவிடும். அதில் தைமால்ப்தலீன் என்ற நிறங்காட்டி கலந்திருந்தால் நீலம் மங்கும்போது கரைசலை மாற்ற வேண்டும் என்று தெரியும்.

வெறும் ஸ்லரி பாட்டிலும் கட்டாயம் வேண்டும். அதன் வாயுவைக் கழிக்காத எண்ணை நான் பார்ப்பதே இல்லை. ஸ்லரி நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க, கழிவுக்குப் பதில் சுத்தமான செல்லுலோஸ் போட்ட பாட்டிலும் வை: கிராமுக்கு 414 மில்லி மீத்தேன் என்பது அதன் உச்சவரம்பு. 340-க்கும் கீழே நின்றால் ஸ்லரியைச் சந்தேகப்படு. எல்லாமே மும்மூன்று பாட்டில். அன்றைய மீத்தேன் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாக மூன்று நாள் தொடர்ந்தால் நிறுத்தலாம். எண்களை ஒப்பிட வாயு அளவை 0 டிகிரிக்கு மாற்ற வேண்டும்: 30 டிகிரியில் அளந்த 100 மில்லி, அப்படி மாற்றினால் சுமார் 90 தான். நீராவியையும் கழிக்க வேண்டும்.

நாமக்கல் பண்ணைக்காரர்: கோழி எருவில் முதலில் கேஸ் வந்தது, அப்புறம் படுத்துவிட்டது. சரக்கே அவ்வளவுதானா?

இல்லைங்க. எருவின் யூரிக் அமிலம் அம்மோனியாவாகி மீத்தேன் நுண்ணுயிர்களை முடக்கியிருக்கும். குறைந்த அளவு போட்டு மறுபடி சோதியுங்கள். திப்பியில் நைட்ரஜன் குறைவு, கலந்து பார்க்கலாம். முட்டைக்கோழித் தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் சேர்வதால் சாம்பலும் ஏறும். காய்ந்த எடையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

பொள்ளாச்சி தோப்புக்காரர்: தென்னை நார்க்கழிவு?

நுண்ணுயிர்களால் எளிதில் செரிக்க முடியாத லிக்னின் மிகுதி, கேஸ் சொற்பம். மட்க வைத்து உரமாக்குங்கள்.

பவானி வாசகர்: ஆய்வக எண்ணை அப்படியே என் கலனுக்குப் பெருக்கிக்கொள்ளலாமா?

கூடாது. பாட்டிலில் போட்ட சரக்கு கடைசிவரை உள்ளேயே கிடக்கிறது. கலனிலோ தினம் ஊற்ற ஊற்ற, பாதி மட்டுமே செரித்த சரக்கும் ஸ்லரியோடு வெளியேறிவிடும். சோதனை எண்ணை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு, அதற்குக் குறைத்தே அடுப்பையோ இன்ஜினையோ தேர்ந்தெடுங்கள்.