பழவேற்காட்டில் வெள்ளையும் கறுப்பும் திட்டுத்திட்டாக ஒரு கொக்கைப் பார்த்தேன். கலப்பினமாக இருக்குமா?

புதுசா பைனாகுலர் வாங்கியிருப்பீங்க. புத்தகத்துல இல்லாத மாதிரி ஒரு பறவை மாட்டியிருக்கும். உடனே கலப்பினம். நானும் அப்படி நினைச்சு மூக்கறுபட்டவன்தான், அதான் எழுதறேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை விட்டதும் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனேன். சேத்துல ஒரு கொக்கு. முதுகு வெள்ளை, வயித்துல கரும்பழுப்பு. சின்னக் கொக்குன்னா கறுப்புக் காலுக்குக் கீழ விரல் மட்டும் பளிச்சுனு மஞ்சளா இருக்கும். இதுக்கு விரலும் கறுப்பு. வெஸ்டர்ன் ரீஃப்னு ஒரு கடலோரக் கொக்கு இருக்கு. கருஞ்சாம்பல், வெள்ளை ரெண்டு நிறத்துலயும் வரும். அதுவும் சின்னக் கொக்கும் ஜோடி சேர்றது குஜராத் கடற்கரையில பதிவாகியிருக்கு. போதாதா? வாட்ஸ்அப் குழுவுல 'கலப்பினம், உறுதி'ன்னு போட்டுட்டேன். அலகு மெல்லிசா சுத்தக் கறுப்பா இருந்துச்சு. ரீஃப் ரத்தம்னா கொஞ்சமாவது தடிப்போ பழுப்போ எட்டிப் பார்க்கணும். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுட்டேன்.

கரையில வலையை உதறிட்டிருந்த அண்ணன் கேட்டார், "இன்னாத்த தம்பி போட்டோ புடிக்கிற? அது எண்ணெய்ப்பா. நம்ம வலையப் பாரு."

புயல் வெள்ளத்தோட கலந்த எண்ணெய்க் கசிவு முகத்துவாரம் வரைக்கும் வந்திருந்துச்சு. வலை கரிச்சட்டி மாதிரி இருந்துச்சு. படத்தைப் பெரிசாக்கினேன். காலிலிருந்து வயிறு வரைக்கும் ஒரே மட்டமா, ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி கறுப்பு. ஒட்டிப்போன இறகுல ஒரு மினுமினுப்பு வேற. பிறவி நிறத்துக்கு ஏதுங்க தண்ணி மட்டம்?

கலப்பினமே கிடையாதுன்னு நான் சொல்லலை, நிபுணர்கள் அடிக்க வராதீங்க. வாத்துகள்ல அது சகஜம். ஆனா ரீஃப் கொக்குலயே கலப்பு எதுவும் இல்லாம திட்டுத்திட்டா வர்றது உண்டு. நிறமிக் குறைபாட்டுல வெளுத்த பறவைங்க உண்டு. இதையெல்லாம் கழிச்ச பிறகுதான் கலப்பினம். தண்டையார்பேட்டையில என் மச்சான் கர்ணப் புறாவையும் ஹோமர் புறாவையும் சேர்த்துவிட்டு, குஞ்சை 'ஹைபிரிட்'னு விக்கிறான். ரெண்டுமே மாடப்புறா வழியில வந்த ஒரே இனம். சொன்னா, "நீ கொக்கு பார்த்தவன்தானே"ங்கிறான்.

எண்ணெய்னதும் இன்னொண்ணு. எர்ணாவூர்ல எங்க வீட்டுச் சுவர்லயும் அதே கோடு, இடுப்பளவுக்கு. எண்ணெய்க் கசிவு நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவங்க "நீங்க மீனவரா?"ன்னு கேட்டுட்டு அடுத்த தெருவுக்குப் போயிட்டாங்க. ஃபிரிட்ஜ், பீரோ, பொண்ணோட புத்தகம் எல்லாம் போச்சு. மூணு தடவை வெள்ளையடிச்சும் அந்தக் கோடு மேல வந்து நிக்குது.

சரி, கால்விரலும் அலகும் தெரியற படம் இருந்தா போடுங்க. முதுகை மட்டும் வெச்சு நான் இனிமே எதுவும் சொல்றதா இல்லை.