வாங்கும் முன் கேளுங்கள்: தேங்காய் எண்ணெய்க் கடிதங்கள்

தேங்காய் எண்ணெய் பற்றிய கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். என்னைத் திட்டியவற்றை அப்படியே விட்டுவிட்டேன், அதாவது சேர்க்கவில்லை.

கேள்வி: தினமும் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெய் குடித்தால் உடம்பு இளைக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். குடிக்கிறேன். சாப்பாட்டில் வேறு எதையும் மாற்றவில்லை. எடை குறைவதற்குப் பதில் கூடியிருக்கிறது. எனக்குக் கிடைத்தது போலி எண்ணெயா?

பதில்: அசல் எண்ணெய்தான், அதனால்தான் எடை கூடியது. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 13, 14 கிராம் இருக்கும். கலோரி 120 பக்கம் வரும். எந்த எண்ணெயானாலும் கணக்கு ஏறக்குறைய இதுதான். வழக்கமாகச் சாப்பிடுவதை அப்படியே சாப்பிட்டுவிட்டு, அதற்கு மேல் தினம் 240 கலோரியை ஊற்றினால் உடம்பு எங்கிருந்து இளைக்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. ஒரு டேபிள்ஸ்பூனில் 11, 12 கிராம் வரும். ஒரு நாளைய கலோரியில் நிறைவுற்ற கொழுப்பு 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 22 கிராம். பல் துலக்கிய கையோடு அன்றைய பங்கை நீங்கள் முடித்துவிடுகிறீர்கள். அதன் பிறகு உள்ளே போகிற பால், வெண்ணெய், இறைச்சி எல்லாமே கடன் கணக்குதான்.

ருசி பிடித்திருந்தால் வேறொரு எண்ணெயைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் இதை ஊற்றுங்கள். வீட்டில் ஒரு மாதத்துக்கு மொத்தம் எவ்வளவு எண்ணெய் தீர்ந்ததோ, அதே அளவுதான் இனியும் தீர வேண்டும். கூடினால் ஏதோ தப்பு நடக்கிறது.

கேள்வி: குளிர் வந்ததும் புட்டியில் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிவிட்டது. மெழுகு கலந்திருப்பார்களோ?

பதில்: இல்லை. 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும். நல்ல குளிரிலும் உறையாமல் இருந்தால் அப்போது எழுதுங்கள்.

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தேன், முழுவதும் உறைந்தது. அப்படியானால் சுத்தமான எண்ணெய் என்று நம்பலாம் அல்லவா?

பதில்: நம்ப முடியாது. எண்ணெய்ப் பனையின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கிற பாம் கர்னல் எண்ணெயும் ஏறக்குறைய இதே சூட்டில்தான் உறையும். தேங்காய் எண்ணெயின் முக்கியக் கொழுப்பு அமிலமான லாரிக் அமிலம் அதிலும் பாதிக்குப் பாதி. கலப்படம் செய்கிறவர் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் இருக்காதா? உறைந்த பிறகு மேலே தனியாக ஒரு திரவ அடுக்கு நின்றால் சந்தேகப்படலாம். நிற்கவில்லை என்பதற்காக நிம்மதியாக இருக்க முடியாது, அவ்வளவுதான். பரிசோதனைக் கூடத்தில் அயோடின் மதிப்பு என்று ஒன்றைப் பார்ப்பார்கள், எண்ணெயில் நிறைவுறாத கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் எண் அது. தேங்காய் எண்ணெய்க்கு அது 6 முதல் 11-க்குள் நிற்கும். பாம் கர்னலுக்கு 14-க்கு மேல் போகும். சமையலறையில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

கேள்வி: அலமாரியில் நான்கு விதம் வைத்திருக்கிறார்கள். விர்ஜின், எக்ஸ்ட்ரா விர்ஜின், கோல்ட் பிரஸ்டு, ஒன்றும் எழுதாத சாதா. விலை ஒன்றுக்கொன்று ஏறிக்கொண்டே போகிறது. ஒன்றில் 'கொலஸ்ட்ரால் அறவே இல்லை' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொலஸ்ட்ரால். அது விலங்குகளின் உடம்பில் உண்டாகிற சரக்கு. தாவர எண்ணெய்களில் கணக்கில் சேர்க்கும் அளவுக்கு அது கிடையாது. அதைத் தேங்காய் எண்ணெய்ப் புட்டியில் அச்சிட்டுப் பெருமைப்படுவது, வாழைப்பழத்தில் 'முள் நீக்கப்பட்டது' என்று ஒட்டி விற்பதுபோல. பொய் இல்லை. ஆனால் வாங்குகிறவர் மனதில் என்ன பதிகிறது? 'இதைச் சாப்பிட்டால் என் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறாது' என்பதுதான். அது உண்மையில்லை. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதில் பெரிய பங்கு நிறைவுற்ற கொழுப்புக்கு. அது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பின்பக்கத்தில், உருப்பெருக்கி வைத்துப் படிக்கிற எழுத்தில் போட்டிருப்பார்கள். முன்பக்கம் பொய் சொல்லாமலே ஏமாற்றும், பின்பக்கம் கேட்பவருக்கு மட்டும் உண்மை சொல்லும். என் நிரந்தரக் கோபம் இதன்மேல்தான்.

அடுத்து அந்த விர்ஜின் குடும்பம். உணவுப் பொருட்களுக்கான பன்னாட்டுத் தர விதிகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது. இயந்திர முறையில் பிழிந்து, வெப்பத்தைத் தவிர வேறெதையும் பயன்படுத்தாமல், எண்ணெயின் தன்மையை மாற்றாமல் எடுத்தால் விர்ஜின். அந்த வெப்பத்தையும் காட்டாமல் பிழிந்தால் கோல்ட் பிரஸ்டு, நம் வழக்கில் செக்கு எண்ணெய் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டையும் தண்ணீரில் கழுவலாம், தெளிய விடலாம், வடிகட்டலாம், சுழற்றிப் பிரிக்கலாம். அதற்கு மேல் கை வைக்கக் கூடாது. சாதா புட்டியில் பல நேரம் இருப்பது கொப்பரையிலிருந்து எடுத்து, அமிலம் நீக்கி, நிறம் வெளுத்து, நீராவியால் மணத்தையும் போக்கிய சுத்திகரிப்பு எண்ணெய்.

எக்ஸ்ட்ரா விர்ஜின் என்பது ஆலிவ் எண்ணெய்க்கு உரிய வகுப்பு. அங்கே அதற்கு அமில அளவு வரம்பு உண்டு, பயிற்சி பெற்றவர்கள் ருசி பார்த்துத் தேர்ச்சி தரும் முறையும் உண்டு. தேங்காய் எண்ணெய்க்கு கோடெக்ஸில் அப்படி ஒரு வகுப்பே கிடையாது. அந்த 'எக்ஸ்ட்ரா'வுக்காகக் கொடுக்கிற கூடுதல் பணம் அச்சகத்துக்குத்தான் போகிறது.

எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் ஒரு முறை கழுத்தில் சணல் கயிறு கட்டி, கைத்தாள் லேபிள் ஒட்டிய கண்ணாடிப் புட்டி ஒன்றைப் பார்த்து மயங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால் தேங்காய் வாசனையே இல்லை. லேபிளின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்தேன். மடிப்புக்குள் பொடி எழுத்தில் 'சுத்திகரிக்கப்பட்டது'. அந்தப் புட்டியில் இப்போது மிளகு இருக்கிறது.

சரி, எதை வாங்குவது? மணம் வேண்டுமென்றால் விர்ஜின் அல்லது கோல்ட் பிரஸ்டு. அதிக சூட்டில் பொரிக்க வேண்டுமென்றால் சுத்திகரித்தது. விர்ஜின் 175 டிகிரி பக்கம் புகையத் தொடங்கிவிடும், சுத்திகரித்தது 200-ஐத் தாண்டியும் நிற்கும். கொழுப்பின் சேர்மானம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இதயத்துக்கு நல்லது என்று நினைத்து விலை கூடினதை வாங்க வேண்டாம்.

கேள்வி: எம்.சி.டி, அதாவது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, நிறைந்த தேங்காய் எண்ணெய் மாத்திரை என்று விற்கிறார்கள். கொழுப்பை எரிக்குமாம். ஒரு மாத்திரை 1 கிராம், நாளைக்கு இரண்டு.

பதில்: அந்த டப்பாவில் ஒன்று என் அலமாரியிலும் உண்டு. வாங்கிய பிறகுதான் கணக்குப் போட்டேன், நீங்கள் முன்பே போடுங்கள். 13, 14 மாத்திரை விழுங்கினால் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய். அதே ஸ்பூன் எண்ணெய் புட்டியில் என்ன விலைக்கு வருகிறது என்று வகுத்துப் பாருங்கள்.

அப்புறம் அந்த எரிக்கிற கதை. உடல் எடை பற்றி நல்லபடியாக முடிந்த ஆய்வுகளில் கொடுத்தது தனியாகத் தயாரித்த எம்.சி.டி எண்ணெய். அதில் இருப்பவை கேப்ரிலிக், கேப்ரிக் என்ற இரண்டு குட்டை அமிலங்கள். தேங்காய் எண்ணெயில் இந்த இரண்டும் சேர்ந்து 15 சதவீதத்தை எட்டுவதே அபூர்வம். பெரும்பங்கு லாரிக் அமிலம். அதையும் நடுத்தரச் சங்கிலி என்று பட்டியலில் எழுதுவார்கள்தான், ஆனால் உடம்புக்குள் போனதும் பெரும்பாலும் நீண்ட சங்கிலிக் கொழுப்பு போகிற வழியிலேயே போகிறது. ஒரு எண்ணெயின் ஆய்வைக் காட்டி இன்னொரு எண்ணெயை விற்கிறார்கள்.

கேள்வி: எனக்கு வயது 70. சமூக வலைத்தளத்தில் 'வீட்டிலேயே பிழிந்த கோல்ட் பிரஸ்டு' என்று பார்த்து ஆறு புட்டிக்கு முன்பணம் அனுப்பினேன். வந்ததில் தேங்காய் வாசனை கொஞ்சமும் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை. கேட்டதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். பிள்ளைகளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பதில்: வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை அம்மா. சொல்லுங்கள், இன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நாள் ஆக ஆக பணத்தைத் திரும்பப் பெறுவது கஷ்டமாகும்.

பிரிக்காத புட்டிகளை அப்படியே வையுங்கள், இனி ஒன்றையும் திறக்காதீர்கள். விளம்பரம், உரையாடல், பணம் போன விவரம் மூன்றையும் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். விளம்பரத்தை முதலில் எடுங்கள், அதைத்தான் அவர்கள் முதலில் அழிப்பார்கள். கார்டில் கட்டியிருந்தால், சொன்ன பொருள் வரவில்லை என்று வங்கியில் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். வேறு வழியில் அனுப்பியிருந்தாலும் வங்கிக்கும் அந்தச் செயலிக்கும் உடனே புகார் கொடுங்கள். தேதியும் முகவரியும் தொகுதி எண்ணும் இல்லாமல் உணவுப் பொருளை விற்பதே புகாருக்குப் போதுமான காரணம், அதை உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். பிரிக்காத புட்டி அங்கேதான் உதவும்.

வாசனை இல்லை என்று நீங்கள் சந்தேகப்பட்டது சரி. மணம் போக்காத எண்ணெயில் தேங்காய் மணக்க வேண்டும். வீட்டில் பிழிந்த எண்ணெயில் மணமே இல்லையென்றால் அது வீட்டில் பிழிந்ததில்லை. எண்ணெய் ஒருவேளை கெடுதல் இல்லாததாகவே இருக்கலாம். ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாததை வாயில் வைக்க வேண்டாம்.

கேள்வி: தள்ளுபடியில் 20 லிட்டர் டின் வாங்கினேன். வீட்டில் இரண்டு பேர்தான். இப்போது சோப்பு மாதிரி ருசிக்கிறது. காய்ச்சினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. ஈரம் பட்டு எண்ணெய் உடைந்தால் லாரிக் அமிலம் தனியே பிரிந்து வரும், அந்தச் சோப்பு ருசி அதனுடையது. ஈரக் கரண்டியை உள்ளே விட்டீர்களா? விட்டிருப்பீர்கள். இரண்டு பேருக்கு 20 லிட்டர் எதற்கு என்று வாங்கும்போது யாருமே கேட்கவில்லையா? சோப்பு காய்ச்சத் தெரிந்தவர் யாராவது இருந்தால் கொடுத்துவிடுங்கள், அவராவது சந்தோஷப்படுவார்.

கேள்வி: தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயில் சமைக்கலாமா? இரண்டும் ஒன்றுதானே?

பதில்: புட்டியில் 'உணவுக்கு' என்று எழுதியிருந்தால் சமைக்கலாம். எழுதவில்லையென்றால் கூடாது. சில தலை எண்ணெய்களில் மினரல் ஆயில் இருக்கும், அது பெட்ரோலியத்திலிருந்து வருவது. தென்னை மரப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உட்பொருள் பட்டியலைப் படியுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் நல்ல கொலஸ்ட்ராலை ஏற்றும், அதனால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று உறவினர் ஒருவர் ஒரு பெட்டி எண்ணெயோடு வந்து நிற்கிறார். அவரே விற்கவும் செய்கிறார்.

பதில்: மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதில் இரண்டாவது பேச்சே இல்லை.

நல்ல கொலஸ்ட்ரால் ஏறும் என்பது உண்மைதான், பாதி உண்மை. 2020-இல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வொன்று வந்தது. சோயா, ஆலிவ் போன்ற வெப்பமண்டலத்தைச் சேராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால், தேங்காய் எண்ணெய் நல்லதான எச்.டி.எல்-ஐ டெசிலிட்டருக்கு 4 மில்லிகிராம் ஏற்றியது, கெட்டதான எல்.டி.எல்-ஐ 10 மில்லிகிராம் ஏற்றியது. உறவினர் முதல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார். எச்.டி.எல்-ஐ ஏற்றுவதற்கென்றே வந்த மருந்துகள் பல மாரடைப்பைக் குறைக்க முடியாமல் தோற்றன என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அமெரிக்க இதய சங்கம் 2017-இலேயே தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று அறிவுரை வெளியிட்டது. அப்பா எவ்வளவு எண்ணெய் சேர்க்கலாம் என்பதை அவருடைய இதய மருத்துவர் சொல்லட்டும். விற்கிறவர் சொல்ல வேண்டாம், சொந்தக்காரராகவே இருந்தாலும்.

கேள்வி: பசிபிக் தீவு மக்கள் தேங்காயிலேயே வாழ்ந்து இதய நோய் இல்லாமல் இருந்தார்களாம். விற்பனையாளர் கட்டுரையே காட்டினார்.

பதில்: கட்டுரை உண்மைதான். டோகெலாவ், புகாபுகா தீவுகளைப் பற்றி 1981-இல் வந்தது. டோகெலாவ்காரர்கள் கலோரியில் பாதிக்கு மேல் தேங்காயிலிருந்து பெற்றார்கள். ஆனால் தேங்காயாகத் தின்றார்கள், நார்ச்சத்தோடு, கூடவே மீன். புட்டியிலிருந்து ஸ்பூனில் ஊற்றிக் குடிக்கவில்லை. அதே கட்டுரையில் தேங்காய் அதிகம் தின்ற தீவுக்குத்தான் கொலஸ்ட்ராலும் அதிகம். அந்தப் பக்கத்தை அவர் காட்டியிருக்க மாட்டார்.

கேள்வி: ஒரே விலைக்கு ஒரு புட்டியில் 1 லிட்டர், இன்னொன்றில் 1 கிலோ என்று போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. 1 லிட்டர் தேங்காய் எண்ணெய் 920 கிராம்தான் இருக்கும். கிலோ புட்டியை எடுங்கள்.