குரல்வளையில் சவ்வு: உங்கள் கேள்விகளுக்கு ஈ.என்.டி. மருத்துவர் பதில்

கேள்வி (குடியாத்தம்): டாக்டர், பேத்திக்கு மூன்று மாதம். அழுதால் காற்றுதான் வருகிறது, சத்தம் இல்லை. மூச்சு இழுக்கும்போது 'கீச்' என்கிறது. சளி என்கிறார்கள். சவ்வாக இருக்குமோ?

பதில்: இருக்கலாம் அம்மா. கருவில் குரல்வளை முதலில் அடைபட்டு, சுமார் பத்தாவது வாரத்துக்குள் திறக்கும். சரியாகத் திறக்காவிட்டால் இரண்டு குரல்நாண்களும் முன்பக்கம் சேர்ந்தே நின்றுவிடும். அந்த ஒட்டைத்தான் சவ்வு என்கிறோம். இதற்குச் சளி மருந்து வேலை செய்யாது. மூக்கு வழியாக மெல்லிய ஸ்கோப் (கேமரா வைத்த குழாய்) விட்டுப் பார்க்க வேண்டும். சவ்வு என்று தெரிந்தால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும், 22ஆம் குரோமோசோமில் சிறு துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற பரிசோதனையும் கேளுங்கள். இவை சேர்ந்து வருவது உண்டு. நெஞ்சுக்குழி உள்வாங்கினாலோ, பால் குடிக்கத் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி (ஆம்பூர்): லேசரில் ஒரே தடவையில் வெட்டிவிட்டால் முடிந்ததுதானே, சார்?

பதில்: வெட்டுவது சில நிமிட வேலை. அப்புறம்தான் சிக்கல். வெட்டிய இரண்டு ஓரமும் பச்சைப் புண். எதிரெதிரே இருப்பதால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கத்தியானாலும் லேசரானாலும் இதே கதைதான். அதனால் நடுவில் மெல்லிய சிலிகான் தகடு வைத்து, கழுத்து வழியாகத் தையல் போட்டு நிறுத்துவோம். இதைக் கீல் என்போம். இரண்டு மூன்று வாரத்தில் புண் மேல் தோல் மூடியதும், மயக்கம் கொடுத்து எடுத்துவிடுவோம். சில இடங்களில் தகடு இல்லாமல், சவ்வையே மடக்கி ஒரு பக்கப் புண் மேல் தைப்பார்கள். எனக்குப் பிடித்த முறை அது, ஆனால் சவ்வு மெல்லியதாக இருந்தால்தான் முடியும். தடித்து, குரல்நாணுக்குக் கீழேயும் இறங்கியிருந்தால் கழுத்தைத் திறந்து, விலாவிலிருந்து எடுத்த குருத்தெலும்பை ஒட்டு வைத்து அகலப்படுத்த வேண்டும். கொஞ்ச நாள் கழுத்துத் துளை வழியாக மூச்சு விட வேண்டியும் வரலாம். 'ஒரே தடவை' என்று யாராவது உறுதி சொன்னால், ஒட்டாமலிருக்க என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

கேள்வி (ஆரணி): வயலில் மருந்து அடிக்கும்போது விஷம் ஏறி, தம்பி இரண்டு வாரம் வெண்டிலேட்டரில் இருந்தான். இப்போது மாடி ஏறினால் இழுக்கிறது. ஆஸ்துமா மருந்து பலிக்கவில்லை.

பதில்: வெண்டிலேட்டருக்காகத் தொண்டையில் விடும் டியூப் குரல்வளையின் பின்பக்கத்தில்தான் அழுத்தும். அங்கே தழும்பு விழுந்து, குரல்நாண்கள் விலக முடியாமல் கட்டிப்போட்டிருக்கலாம். குரல் ஓரளவு நன்றாகவே இருக்கும், மூச்சுதான் போதாது. இன்ஹேலரை மாற்றி மாற்றிப் பார்க்காமல் ஸ்கோப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை): ஸ்கோப்பில் சின்னச் சவ்வு என்றார்கள். எனக்கு மூச்சிலும் குரலிலும் தொந்தரவு இல்லை. ஆபரேஷன் வேண்டுமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி (வாலாஜா): மகளுக்கு ஆபரேஷன் முடிந்தால் பாடுகிற குரல் வருமா?

பதில்: மூச்சு சீராகும் என்று நம்பிச் சொல்லலாம். குரல் தெளியும், ஆனால் கொஞ்சம் கரகரப்பு தங்கலாம். புண் ஆறியதும் குரல் பயிற்சியாளரிடம் அனுப்புங்கள். கிசுகிசுவென்று பேசிச் சமாளிக்க விடாதீர்கள், அதுவும் குரல்நாணைச் சிரமப்படுத்தும்.